ஜேசன் கோப்பைத் தானாக டைப் கோடாக்குவது எப்படி: தரவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகாமல்

ஏபிஐ (ஒரு நிரல் இன்னொரு நிரலிடம் தரவு வாங்கும் வழி) அனுப்பும் ஜேசன் என்ற எழுத்துவடிவத் தரவைப் பார்த்துப் பார்த்து, நாற்பது ஃபீல்டுக்கும் அதில் வருவது எண்ணா, எழுத்தா என்று சொல்லும் டைப்பைக் கையால் எழுதுவது அலுப்பான வேலை. அதனால் பலரும் இணையத்தில் ஒரு கன்வெர்ட்டர் பக்கத்தைத் திறந்து, இடப்பக்கம் ஜேசனை ஒட்டி, வலப்பக்கம் வரும் கோடை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பத்து வினாடியில் முடிந்துவிடும். ஒட்டிய ஜேசனில் வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும், சில சமயம் இன்னும் செல்லுபடியாகும் டோக்கனும் (உள்நுழைவுச் சாவி) இருந்தது என்பது பிறகுதான் உறைக்கும்.

கசிவு இரண்டு வழியில் நடக்கும். கோப்பு வெளியே போவது ஒன்று; அது எல்லோருக்கும் தெரியும். தரவு கோடுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது இன்னொன்று. இதை யாரும் கவனிப்பதில்லை. இணையமே இல்லாத கணினியில் ஓடும் கருவிகூட, ஒரு ஃபீல்டில் திரும்பத் திரும்ப வரும் நான்கு பெயர்களை ஈனம் (குறிப்பிட்ட சில மதிப்புகளை மட்டும் ஏற்கும் டைப்) என்று நினைத்து, அந்த நான்கு பெயர்களையும் கோடில் எழுதித் தந்துவிடும். அதை கிட்டில் (கோடின் வரலாற்றைச் சேமிக்கும் கருவி) கமிட் செய்தால், அதாவது பதிந்துவிட்டால், கதை முடிந்தது. இந்த வழிகாட்டி இரண்டையும் அடைக்கிறது.

கட்டளைகளையும் ஆப்ஷன்களையும் இங்கே தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். டெர்மினலில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத்தான் அடிக்க வேண்டும்.

முதலில்: ஸ்கீமா ஏற்கெனவே இருக்கிறதா?

ஸ்கீமா என்பது தரவின் வடிவத்தை மட்டும் விவரிக்கும் கோப்பு. மாதிரித் தரவைப் பார்த்து டைப்பை ஊகிப்பது கடைசி வழி. அந்த ஏபிஐக்கு ஓப்பன்ஏபிஐ விவரக் கோப்போ, எக்ஸ்எம்எல் என்றால் எக்ஸ்எஸ்டியோ, புரோட்டோபஃப் கோப்போ இருந்தால் அதிலிருந்தே கோடு உருவாக்குங்கள். ஸ்கீமாவில் ஆள் பெயரோ எண்ணோ இருக்காது. தனியுரிமைச் சிக்கலில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். எந்த ஃபீல்டு கட்டாயம், எது விருப்பம் என்பதும் ஊகமாக இல்லாமல் உறுதியாகக் கிடைக்கும். ஏபிஐ தருபவர்களிடம் ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேட்பது, மாதிரி சேகரிப்பதைவிடச் சுலபம்.

ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

கருவிகள்

குயிக்டைப் என்பது ஓப்பன் சோர்ஸ் கருவி. நோட் ஜேஎஸ் மேல் ஓடும். ஜேசன், ஜேசன் ஸ்கீமா, கிராஃப்க்யூஎல், டைப்ஸ்கிரிப்ட் ஆகியவற்றை வாங்கி டைப்ஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட், சி ஷார்ப், ஸ்விஃப்ட், காட்லின், ஜாவா, பைதான், டார்ட் என்று பல மொழிகளில் தரும். இணையப் பக்கமாகவும் இருக்கிறது; நமக்குத் தேவை டெர்மினல் வடிவம். பைதானில் பைடான்டிக் (தரவைச் சரிபார்க்கும் நூலகம்) மாடல்தான் வேண்டும் என்றால் டேட்டாமாடல்-கோட்-ஜெனரேட்டர் இன்னும் பொருத்தம். மாதிரிகளிலிருந்து ஸ்கீமா மட்டும் எடுக்க ஜென்சன் என்ற சின்னப் பைதான் கருவி போதும். விஷுவல் ஸ்டுடியோ பயன்படுத்துபவர்களுக்கு எடிட் மெனுவில் பேஸ்ட் ஸ்பெஷல் என்பதன் கீழ் ஜேசனை கிளாஸாக ஒட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது.

எது எடுத்தாலும் நிறுவும்போது பதிப்பு எண்ணைப் பூட்டுங்கள். என்பிஎக்ஸ் வழியாக ஒவ்வொரு முறையும் ஓட்டினால், கேஷில் இல்லாதபோது இணையத்திலிருந்து இறக்கும். நேற்று ஒரு பதிப்பு, இன்று ஒரு பதிப்பு என்று கோடும் மாறும். புராஜெக்டின் டெவ் டிபென்டன்சியில் சேர்த்து, லாக் கோப்போடு 'என்பிஎம் சிஐ' ஓட்டுங்கள். 'இக்னோர்-ஸ்கிரிப்ட்ஸ்' ஆப்ஷனையும் சேர்த்தால் நிறுவும் நேரத்தில் தெரியாத ஸ்கிரிப்ட் ஓடாது.

வலையை அறுப்பது

'எங்கள் தளத்தில் தரவு உங்கள் பிரவுசரை விட்டுப் போகாது' என்று எழுதியிருந்தால் அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அதே பக்கத்தில் விளம்பரம், பகுப்பாய்வு ஸ்கிரிப்ட், 'சேமித்துப் பகிர்' பொத்தான் எல்லாம் இருக்கும். 2025 நவம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இரண்டு பிரபலமான ஜேசன் ஃபார்மேட்டர் தளங்களில் பயனர்கள் சேமித்து வைத்த இணைப்புகளைத் திறந்து பார்த்தபோது கடவுச்சொற்களும் ஏபிஐ கீகளும் குவிந்து கிடந்தன. தளத்தை யாரும் உடைக்கவில்லை. சேமித்த இணைப்புகள் யார் வேண்டுமானாலும் எட்டும் இடத்தில் இருந்தன, அவ்வளவுதான்.

எனவே வாக்குறுதியை நம்பாமல் வலையையே, அதாவது இணைய இணைப்பையே, அறுத்துவிடுங்கள். டாக்கர் (நிரலைத் தனிப்பெட்டிக்குள் ஓட்டும் கருவி) இருந்தால் இதுதான் சுத்தமான வழி: முதலில் இணையத்தோடு ஒரு இமேஜ் கட்டி அதற்குள் கருவியை நிறுவுங்கள். பிறகு அந்த இமேஜை 'நெட்வொர்க் நன்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள். மாதிரி இருக்கும் ஃபோல்டரைப் படிக்க மட்டும் என்று மவுன்ட் செய்து, கோடு விழ வேண்டிய ஃபோல்டரை மட்டும் எழுத அனுமதியுங்கள். லினக்ஸில் டாக்கர் இல்லாமலே 'அன்ஷேர்' கட்டளைக்கு ஆர், என் என்ற இரண்டு ஆப்ஷனும் கொடுத்து ஒரு ஷெல் திறந்தால் அதற்குள் வலையே இருக்காது. சில லினக்ஸ் பதிப்புகள் சாதாரணப் பயனருக்கு இதை மறுக்கும், அங்கே சூடோ வேண்டும். உள்ளே போனதும், இணையப் பக்கத்தை இறக்கும் 'கர்ல்' கட்டளையை அடித்துப் பாருங்கள். அது தோற்க வேண்டும். தோற்றால்தான் தொடருங்கள்.

பிரவுசர் கருவியைத்தான் பயன்படுத்தியாக வேண்டுமா? தனிச் சாளரத்தில் பக்கத்தைத் திறந்து, முழுதாக ஏறியதும் வைஃபையை அணைத்து, அதன் பிறகு ஒட்டுங்கள். கோடை எடுத்ததும் சாளரத்தை மூடி, பிறகே வைஃபையைப் போடுங்கள். திறந்தபடி விட்டால் காத்திருந்த கோரிக்கைகள் இணைப்பு வந்ததும் கிளம்பிவிடலாம். இது டாக்கர் அளவுக்கு உறுதியான பூட்டு இல்லை; முகமூடி போட்ட (மதிப்புகளை மறைத்த) தரவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மறந்துபோகும் வேறு ஓட்டைகளும் உண்டு: பல சாதனங்களுக்கிடையே ஒத்திசையும் கிளிப்போர்டு, கிளவுடில் தானாக ஏறும் டெஸ்க்டாப் ஃபோல்டர், திறந்திருக்கும் கோப்பைப் படித்து அனுப்பும் எடிட்டரின் ஏஐ உதவியாளர். மாதிரிக் கோப்பை ஒத்திசைவு இல்லாத ஃபோல்டரில் வைத்து, அந்த ஃபோல்டரை கிட்-இக்னோரில் முதல் வேலையாகச் சேர்த்துவிடுங்கள்.

மாதிரி எடுப்பது

ஊகிக்கும் கருவி தான் பார்த்ததை மட்டுமே நம்பும். முதல் நூறு பதிவுகளை அப்படியே வெட்டி எடுப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. ஒரே நாளில் உருவான பதிவுகள் ஒரே மாதிரிதான் இருக்கும். மிகப் பழையது, மிகப் புதியது, ரத்தானது, பாதியில் நின்றது, காலிப் பட்டியல் உள்ளது, பிழைப் பதில் என்று வகைக்கு ஐந்தாறு எடுத்தால் முப்பது நாற்பது பதிவே ஆயிரம் பதிவைவிட நன்றாக வேலை செய்யும்.

எல்லாவற்றையும் ஒரே பட்டியலாக்கிக் கொடுங்கள். வரிக்கு ஒரு பதிவாக இருக்கும் கோப்பென்றால், ஜேசனைக் கையாளும் 'ஜேக்யூ' கட்டளையின் 'ஸ்லர்ப்' ஆப்ஷன் அவற்றைச் சேர்த்து ஒரு பட்டியலாக்கும். பட்டியலின் உறுப்புகளைக் கருவி ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து ஒரே டைப்பாக்கும். தனித்தனியாகக் கொடுத்தால் பதிவுக்கொரு டைப் முளைக்கும்.

இரண்டே பதிவுகளை வைத்து என்ன நடக்கிறதென்று பார்ப்போம். ஜேசனில் கீயைத் (ஃபீல்டின் பெயரை) தமிழிலும் எழுதலாம் என்பதால் அப்படியே:

[
{"எண்": 9007199254740993, "தொகை": 450, "நிலை": "முடிந்தது", "குறியீடு": "00731", "தேதி": "2024-03-09"},
{"எண்": 9007199254740995, "தொகை": 450.5, "நிலை": "நிலுவை", "குறியீடு": "00732", "தேதி": "", "குறிப்பு": "மாலையில் வரவும்"}
]

முதல் பதிவை மட்டும் கொடுத்திருந்தால் தொகை முழு எண்ணாகவும் தேதி தேதி டைப்பாகவும் வந்திருக்கும்; குறிப்பு என்ற ஃபீல்டே இருந்திருக்காது. கோ மொழியில் அந்தக் கோடு 450.5 வந்த அன்று பிழை எறியும். இரண்டாவது பதிவு சேர்ந்ததும் தொகை தசமமாகிறது, குறிப்பு விருப்ப ஃபீல்டாகிறது, காலி ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) வந்ததால் தேதி வெறும் ஸ்ட்ரிங்காகிவிடுகிறது. அந்தக் காலி தேதிக்காகத்தான் பாதியில் நின்ற பதிவையும் எடுக்கச் சொன்னோம்.

முகமூடி போடுவது

மதிப்புகளை மறைக்க வேண்டும், வடிவம் கெடக்கூடாது. எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒரே எழுத்தாக்கி, எல்லா எண்ணையும் சுழியமாக்கினால் மறைப்பு முழுமையாக இருக்கும்; ஆனால் தொகை மறுபடி முழு எண்ணாகிவிடும், பெரிய எண் என்ற தகவலும் போய்விடும். கீழ்க்கண்டவாறு செய்வது நல்லது.

ஸ்ட்ரிங்கில் எழுத்துக்குப் பதில் எழுத்து, இலக்கத்துக்குப் பதில் இலக்கம். இடைக்கோடு, புள்ளி, காலி ஸ்ட்ரிங் அப்படியே. தேதியை மட்டும் தனியாகப் பிடித்து வேறொரு செல்லுபடியாகும் தேதியாக்குங்கள். இல்லையென்றால் பதினேழாம் மாதம் வந்து கருவி அதைத் தேதியென்றே ஏற்காது. முழு எண்ணுக்கு அதே இலக்க எண்ணிக்கையில் வேறொரு முழு எண், தசமத்துக்குத் தசமம். நல் (மதிப்பே இல்லை என்ற குறி), காலிப் பட்டியல், உண்மை-பொய் மதிப்புகளைத் தொடவே வேண்டாம்.

'ஜேக்யூ'வின் 'வாக்' ஃபங்ஷன் எவ்வளவு ஆழத்தில் இருக்கும் மதிப்பையும் எட்டும், ஆனால் இரண்டு பொறிகள். 1.7-க்கு முந்தைய ஜேக்யூ பெரிய எண்களைக் கையாளும்போதே கடைசி இலக்கங்களைக் கெடுத்துவிடும், அதனால் 1.7 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். 'வாக்' வழியே மதிப்பை மாற்றும்போது கீகள் அப்படியே நிற்கும் என்பது இரண்டாவது. மின்னஞ்சல் முகவரியையே கீயாக வைத்த ஆப்ஜெக்ட் இருந்தால் முகவரிகள் முழுதாகத் தப்பிவிடும். அவற்றுக்கு 'வித்-என்ட்ரீஸ்' கொண்டு கீயையும் மாற்ற வேண்டும்.

பைதானில் எழுதினால் இருபது வரி. ஒரே எச்சரிக்கை: பைதானில் பூலியன் என்பது முழு எண்ணின் துணை டைப். 'இது முழு எண்ணா' என்று முதலில் கேட்டால் உண்மை-பொய்யும் ஆம் என்று சொல்லி எண்ணாக மாறிவிடும். பூலியனை முதலில் சோதியுங்கள்.

முகமூடியை ஜாவாஸ்கிரிப்டில் எழுதாமல் இருப்பது நல்லது. அங்கே 450.0 என்பதைப் படித்து எழுதினால் 450 ஆகிவிடும். மேலே உள்ள 9007199254740993 என்ற எண் 9007199254740992 ஆகிவிடும்.

ஸ்கீமா வழியாகப் போங்கள்

மாதிரியிலிருந்து நேராகக் கோடு எடுக்காதீர்கள். மாதிரியிலிருந்து ஜேசன் ஸ்கீமா எடுத்து, அதைக் கண்ணால் பார்த்துத் திருத்தி, ஸ்கீமாவை மட்டும் கிட்டில் வைத்து, அதிலிருந்து கோடு உருவாக்குங்கள். குயிக்டைப் உருவாக்கியவர்களே பரிந்துரைக்கும் முறை இது. மாதிரித் தரவு உங்கள் கணினியிலேயே அழிந்துபோகலாம். பிறகு யார் கோடை மறு உருவாக்கம் செய்தாலும் தரவு தேவைப்படாது.

குயிக்டைப்பில் 'லாங்' என்பதற்கு 'ஸ்கீமா' என்று கொடுத்து, 'டாப்-லெவல்' என்பதற்கு உங்கள் டைப்பின் பெயரைக் கொடுத்தால் ஸ்கீமா வரும். கூடவே 'நோ-ஈனம்ஸ்' போட்டுவிடுங்கள். நிலை என்ற ஃபீல்டு ஈனமாக இருப்பது நல்லதுதான். ஆனால் ஊர், பெயர், கிளைப் பெயர் என்று எதெல்லாம் மாதிரியில் குறைவான வேறுபாட்டோடு வருகிறதோ அதெல்லாமும் ஈனமாகும். முன்பே சொன்ன கசிவு இங்கேதான். ஈனத்தை அணைத்துவிட்டு, உண்மையில் ஈனமாக இருக்க வேண்டிய ஒன்றிரண்டை ஸ்கீமாவில் கையால் எழுதுங்கள். ஏபிஐ ஆவணத்தில் உள்ள எல்லா மதிப்புகளையும் போடுங்கள், மாதிரியில் வந்த இரண்டை மட்டுமல்ல.

அதேபோல் 'நோ-இன்டிஜர்-ஸ்ட்ரிங்ஸ்'. மேற்கோளுக்குள் இருக்கும் எண்ணை முழு எண்ணாக்கும் ஆர்வம் இந்தக் கருவிக்கு உண்டு. குறியீடு, தொலைபேசி எண் போன்றவை எண்ணைப்போலத் தெரியும் ஸ்ட்ரிங்குகள். அவற்றில் யாரும் கூட்டல் கழித்தல் செய்யப்போவதில்லை.

இனி ஸ்கீமாவைத் திறந்து பாருங்கள். கீகள் தரவாக இருக்கும் ஆப்ஜெக்ட்தான் முதல் குறி. பயனர் எண்ணுக்கு எதிரே விவரம் என்று வரும் ஆப்ஜெக்டை மேப் (கீக்கு எதிரே மதிப்பு என்ற தொகுப்பு) என்று கருவி பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். குயிக்டைப் கீயின் எழுத்து வரிசையைப் பார்த்து, மார்கோவ் சங்கிலியை (எந்த எழுத்துக்குப் பின் எது வரும் என்ற நிகழ்தகவுக் கணக்கு) வைத்து, இது பெயரா தரவா என்று ஊகிக்கிறது. ஆனால் கீகள் சாதாரணச் சொற்களாக இருந்தால் ஏமாந்துவிடும். ஒவ்வொரு கீயும் ஒரு ஃபீல்டாகி, நூறு ஃபீல்டு உள்ள ஒரு டைப் நிற்கும். அந்தப் பகுதியை அழித்து, 'அடிஷனல் பிராப்பர்ட்டீஸ்' என்பதன் கீழ் ஒரே ஒரு உறுப்பு டைப்பை எழுதினால் மேப் ஆகிவிடும்.

நல் வருவதும் ஃபீல்டே இல்லாமல் இருப்பதும் வேறு வேறு. ஸ்கீமாவில் முன்னது டைப் பட்டியலில் நல் சேர்ப்பது, பின்னது 'ரிக்வயர்ட்' பட்டியலிலிருந்து எடுப்பது. டைப்ஸ்கிரிப்ட் இரண்டையும் பிரித்துக் காட்டும். கோ மொழியில் பாயின்டர், ரஸ்டில் ஆப்ஷன் என்று இரண்டும் ஒன்றாகிவிடும். பதிவைத் திருத்தி அனுப்பும் ஏபிஐ என்றால் 'அழித்துவிடு', 'தொடாதே' என்ற வேறுபாடே தொலையும்.

பெயர்கள் விசித்திரமாக வரும். டேட்டா என்ற பட்டியலின் உறுப்புக்கு டேட்டம் என்று பெயர் வைப்பதும், ஒரே பெயரில் இரண்டு டைப் மோதினால் பர்ப்பிள், ஃபிளஃபி என்று முன்னொட்டு சேர்ப்பதும் குயிக்டைப்பின் வழக்கம். கோடில் ஃபிளஃபி என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். ஸ்கீமாவில் அந்தப் பகுதிக்கு 'டைட்டில்' கொடுத்தால் அந்தப் பெயர் வரும். கோடில் நேராகப் பெயர் மாற்றினால் அடுத்த உருவாக்கத்தில் போய்விடும்.

கோடு எடுப்பது

இப்போது மூல மொழி 'ஸ்கீமா', வெளி மொழி உங்களுடையது. 'ஜஸ்ட்-டைப்ஸ்' போட்டால் டைப் மட்டும் வரும். டைப்ஸ்கிரிப்டில் இதை யோசித்துச் செய்யுங்கள்: அங்கே டைப் என்பது கம்பைல் ஆனதும் காணாமல் போகும், வரும் ஜேசன் தவறாக இருந்தாலும் யாரும் தடுக்க மாட்டார்கள். அந்த ஆப்ஷன் இல்லாமல் எடுத்தால் ஓடும்போது சரிபார்க்கும் கோடும் சேர்ந்து வரும். கோப்பு பெரிதாகும், ஆனால் வெளியிலிருந்து வரும் தரவுக்கு அதுதான் சரி.

டைப்ஸ்கிரிப்டிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 9007199254740991-க்கு மேல் போகும் முழு எண்ணை டைப் எதுவும் காப்பாற்றாது. ஜேசனைப் பிரிக்கும்போதே கெட்டுவிடும். ட்விட்டர் 2010-ல் பதிவு எண்களை ஸ்ட்ரிங்காகவும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது இதனால்தான். அனுப்புபவரை ஸ்ட்ரிங்காக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது எண்ணை இழக்காத வேறு பார்சரைப் பயன்படுத்துங்கள்.

கோவின் நேர டைப் ஆர்எஃப்சி 3339 வடிவத்தை (தேதி, நேரம், நேர மண்டலம் சேர்ந்தது) மட்டும்தான் தானாகப் படிக்கும். '2024-03-09' என்று வெறும் தேதி வந்தால் பிழை. அங்கே அதை ஸ்ட்ரிங்காக விட்டு நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

ஜேசன் அல்லாதவை

சிஎஸ்வியில் (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) எல்லாமே ஸ்ட்ரிங்தான். டைப் என்பது முழுக்க ஊகம். விரிதாளில் திறந்து சேமித்த கோப்பென்றால் 00731 என்பது 731 ஆகியிருக்கும், அதை எந்தக் கருவியும் மீட்காது. முதல் நெடுவரிசைப் பெயர் மட்டும் பொருந்தவில்லையென்றால் கோப்பின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத பைட் ஆர்டர் மார்க் இருக்கும்.

யாமல் என்ற அமைப்புக்கோப்பு வடிவத்தில் 1.1 விதிப்படி படிக்கும் பார்சர்கள் இன்னும் நிறைய. மேற்கோள் இல்லாத 'நோ' பொய்யாகிவிடும், 22:22 என்பது அறுபதின் அடிமான எண்ணாகி 1342 ஆகும், பதிப்பு 1.10 என்பது 1.1 ஆகும். முதலில் ஜேசனாக்கி, அந்த ஜேசனைப் பார்த்துவிட்டு டைப் எடுங்கள்.

எக்ஸ்எம்எல்லை ஜேசனாக்கும்போது ஒரே ஒரு உறுப்பு இருந்தால் ஆப்ஜெக்ட், இரண்டு இருந்தால் பட்டியல் என்று மாறும். எக்ஸ்எஸ்டி இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

சரிபார்ப்பது

உருவான டைப்பைக் கொண்டு முகமூடி இல்லாத உண்மைத் தரவு முழுவதையும், அதே வலையற்ற சூழலில், ஒரு முறை படித்து, திரும்ப ஜேசனாக எழுதி, இரண்டையும் கீ வரிசைப்படுத்தி ஒப்பிடுங்கள். 'ஜேக்யூ'வின் பெரிய எஸ் ஆப்ஷன் வரிசைப்படுத்தும், 'டிஃப்' மீதியைக் காட்டும். ஃபீல்டு தொலைந்தாலும் எண் கெட்டாலும் இங்கே தெரிந்துவிடும். தெரியாத ஃபீல்டு வந்தால் நின்றுவிடச் சொல்லும் வசதியைச் சோதனையின்போது மட்டும் போடுங்கள். கோ மொழியில் 'டிஸ்அலவ் அன்நோன் ஃபீல்ட்ஸ்', ரஸ்டின் செர்டே நூலகத்தில் 'டினை அன்நோன் ஃபீல்ட்ஸ்'. நிஜ ஓட்டத்தில் அதைப் போட்டால், ஏபிஐக்காரர் ஒரு ஃபீல்டு சேர்த்த அன்று உங்கள் நிரல் நின்றுவிடும்.

பிழைச் செய்தியும் ஒரு கசிவு வழி. பைடான்டிக் இரண்டாம் பதிப்பு, சரிபார்ப்பு தோற்றால் தோற்ற மதிப்பையே செய்தியில் எழுதும். அது லாக்குக்குப் போகும், லாக் எங்கெங்கோ போகும். மாடல் அமைப்பில் 'ஹைட் இன்புட் இன் எரர்ஸ்' என்பதை உண்மை என்று வையுங்கள்.

கமிட் செய்யும் முன் ஒரு தேடல். உண்மை மாதிரியிலிருந்து எல்லா ஸ்ட்ரிங் மதிப்புகளையும் கீகளையும் வரிக்கு ஒன்றாக ஒரு கோப்பில் எடுத்து, நான்கு எழுத்துக்குக் குறைவானவற்றையும் காலி வரிகளையும் நீக்குங்கள். ஒரே ஒரு காலி வரி இருந்தாலும் எல்லா வரியும் பொருந்தியதாகக் காட்டும். பிறகு 'கிரெப்' கட்டளையை பெரிய எஃப், சின்ன எஃப் ஆப்ஷன்களோடு ஸ்கீமாவின் மேலும் உருவான கோடின் மேலும் ஓட்டுங்கள். ஃபீல்டு பெயர்களும் நீங்களே எழுதிய ஈனம் மதிப்புகளும் வரும், வரட்டும். வேறு ஏதாவது ஒரு வரி வந்தால், ஸ்கீமாவுக்குத் திரும்பிப் போங்கள். வேறு எதுவும் வரவில்லையென்றால் மாதிரியையும் அந்தச் சொற்கோப்பையும் அழித்துவிட்டு கமிட் செய்யுங்கள்.